ஸ்காட்லாந்துக்குப் படிக்க வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

செப்டம்பரில் வந்து இறங்கியிருப்பீர்கள். எடின்பரோ, கிளாஸ்கோ, அபெர்டீன், டண்டீ, எந்த ஊராக இருந்தாலும் இந்நேரம் அறை கிடைத்திருக்கும். பொன்னி அரிசி எந்தக் கடையில் விற்கிறது என்று தெரிந்திருக்கும். வங்கிக் கணக்கு, பகுதிநேர வேலை, குளிருக்கு எந்த ஜாக்கெட் என்று எதைக் கேட்டாலும் பதில் சொல்ல உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆள் இருக்கிறார்கள். அங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

நீங்கள் குடியிருக்கும் தெருவிலோ அடுத்த தெருவிலோ ஒரு பழைய பப் இருக்கும். ஒருநாள் உள்ளே போய் உட்காருங்கள்.

குடிக்கச் சொல்லவில்லை. நானே குடிப்பதில்லை. எடின்பரோவில் பதினைந்து வருடமாக நர்ஸாக இருக்கிறேன். குடி ஓர் உடம்பை என்ன பாடு படுத்தும் என்பதை வார்டில் பார்க்கிறவள். அதைப் பற்றியும் கீழே சொல்கிறேன். ஆனாலும் இந்த ஊரில் எனக்கென்று மனிதர்கள் முதலில் கிடைத்தது ஒரு பப்பில்தான்.

நான் வந்த வருடம் கணவரும் மகளும் கும்பகோணத்தில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். ஷிப்ட் முடிந்து இரவு எட்டு மணிக்கு வெளியே வந்தால் ஊரில் மணி ஒன்றரை. யாரைக் கூப்பிட முடியும்? பகல் முழுக்க நோயாளிகளோடு பேசிவிட்டு, வெளியே வந்த பிறகு மறுநாள் காலைவரை வாயே திறக்காத நாட்கள் நிறைய. உங்களுக்கும் அந்தக் குளிர்காலம் வரும். டிசம்பரில் மூன்றே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். அறையில் ஹீட்டர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு நவம்பர் இரவில் பஸ்ஸைத் தவறவிட்டேன். மழை பக்கவாட்டில் அடித்தது, குடை மடங்கிப்போனது. எதிரே, நாலு மாடிக் கல் குடியிருப்பின் தரைத்தளத்தில், மஞ்சள் வெளிச்சத்தோடு ஒரு பப். எடின்பரோவின் டால்கிராஸ் பகுதிக்குப் பக்கம். வேறு கடை எதுவும் திறந்திருக்கவில்லை, அதனால்தான் போனேன்.

கவுன்டரில் நின்ற பெண்மணி என்னைப் பார்த்ததும், "நீ ட்ரூக்கிட், ஹென். ஹீட்டர் பக்கத்துல உட்காரு" என்ற மாதிரி ஏதோ சொன்னார். ட்ரூக்கிட் என்றால் தொப்பலாக நனைந்துவிட்டாய் என்று அர்த்தம். ஹென் என்பது அகராதியில் பெட்டைக்கோழி. இங்கே பெண்களை வாஞ்சையாகக் கூப்பிடும் சொல், நம் பக்கத்துக் 'கண்ணு' மாதிரி. அன்று எனக்கு இரண்டும் தெரியாது, அந்தக் குரல் மட்டும் புரிந்தது. டீ கிடைக்குமா என்று கேட்டேன். கிடைத்தது. பப்பில் வந்து டீ கேட்கிறாளே என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்து ஸ்டூலில் இருந்த பெரியவர் பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், எங்கே 'ஸ்டே' பண்ணுகிறாய் என்று கேட்டார். ஓட்டலில் இல்லை, வாடகை வீடு எடுத்திருக்கிறேன் என்றேன். அவர் கேட்டது எந்தப் பக்கம் குடியிருக்கிறாய் என்பதை. ஸ்காட்லாந்தில் 'ஸ்டே' என்றால் குடியிருப்பது; உங்களிடமும் கேட்பார்கள். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நான் தவறவிட்ட வண்டியின் எண்ணைச் சொன்னதும், அடுத்தது எத்தனை மணிக்கு, அதுவும் போய்விட்டால் எந்தத் தெருவில் திரும்பி எந்த வண்டியைப் பிடிக்கலாம் என்பதையெல்லாம் பீர் டம்ளருக்கு அடியில் வைக்கும் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொடுத்தார். அந்த அட்டை இன்னும் என் சமையலறை அலமாரியில் இருக்கிறது.

நம் பிள்ளைகள் ஏன் உள்ளே போவதில்லை என்பது எனக்குத் தெரியும். பப் என்றால் நம் மனதில் டாஸ்மாக் வந்து நிற்கிறது. முகத்தை மறைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே ஊற்றிக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நடக்கிற இடம். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதவுகள் பயம் தருவதில் வியப்பில்லை. போதாததற்குப் பல பழைய பப்புகளின் ஜன்னலில் பூவேலை செய்த மங்கலான கண்ணாடி இருக்கும். வெளியிலிருந்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. கதவைத் தள்ளித்தான் பார்க்க வேண்டும்.

தள்ளினால் கண்ணில் முதலில் படுவது 'கேன்ட்ரி'. கவுன்டருக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் மர அலமாரியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கடைந்த தூண்களும் வளைவுகளும் கண்ணாடியுமாகத் தேர்ச் சிற்பம் போலச் செதுக்கியிருப்பார்கள், தட்டுத் தட்டாக விஸ்கி புட்டிகள் நிற்கும். சில இடங்களில் கவுன்டரே அறையின் நடுவில் தீவு மாதிரி இருக்கும், ஊழியர்கள் உள்ளே, மற்றவர்கள் சுற்றிலும். அந்த அமைப்புக்கு ஒரு காரணம் உண்டு. குடிப்பவர்கள் மறைவாக ஒதுங்கும் தடுப்பு அறைகளை அக்காலத்தில் உரிமம் கொடுத்த அதிகாரிகள் விரும்பவில்லை. எல்லாரும் ஊழியரின் பார்வையில் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். கண்காணிப்புக்கென்று வந்த அந்த ஏற்பாடு, எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்த்து உட்காரும் ஓர் அறையைக் கொடுத்துவிட்டது. ஒரு பிளாஸ்டரிங் தொழிலாளியும் தத்துவப் பேராசிரியரும் ஒரே பித்தளைக் கம்பியில் காலை வைத்துக்கொண்டு ஒரே செய்தித்தாளுக்குக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நம் ஊரில் இணை சொல்ல வேண்டுமென்றால் டீக்கடை பெஞ்சைத்தான் சொல்வேன். பேப்பர், அரசியல், யார் வீட்டில் என்ன விசேஷம், யாரை இரண்டு நாளாகக் காணோம், எல்லாம் அங்கே உண்டு. ஆனால் பிறந்து வளர்ந்த ஊரில், எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சில், நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அப்பா உட்கார்ந்திருந்தார், அண்ணன் உட்கார்ந்திருந்தான், நான் தூக்கு வாளியை நீட்டி டீ வாங்கிக்கொண்டு போவேன். முப்பத்தொரு வயதில், எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, நனைந்த கோட்டோடுதான் அந்த பெஞ்சில் எனக்கு இடம் கிடைத்தது. தங்கைகளே, உங்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். வீட்டில் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி எனக்கும் இருந்தது. என் மாமியார் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. பிறகு இங்கே வந்தபோது நானே கூட்டிப்போனேன். ஆரஞ்சு ஜூஸ் குடித்தார். பக்கத்தில் இருந்த பாட்டியிடம், மொழி தெரியாமலே, ஸ்வெட்டர் பின்னல் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

இங்கேயும் பெண்களுக்கு இந்த இடம் சும்மா கிடைக்கவில்லை. அபெர்டீனில் யூனியன் தெருவில் 'தி கிரில்' என்று ஒரு புகழ்பெற்ற பப் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே ஆண்களுக்கு மட்டும்தான் பரிமாறினார்கள். 1973-ல் அந்த ஊரில் ஸ்காட்லாந்து தொழிற்சங்க மாநாடு நடந்தபோது, பெண் பிரதிநிதிகள் கூட்டமாக உள்ளே நுழைந்து எங்களுக்கும் கொடு என்று கேட்டார்கள். கொடுக்கவில்லை. 1975-ன் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்த பிறகுதான் வழி திறந்தது. அங்கே பெண்களுக்கென்று கழிப்பறை கட்ட 1998 ஆனது. என் பப்பில் இருக்கும் மூத்த பெண்களில் ஒருவர், இளம்வயதில் எடின்பரோவின் ஃபவுன்டன்பிரிட்ஜில் இருந்த பீர் ஆலையில் புட்டிகளை நிரப்பும் பிரிவில் வேலை பார்த்தவர். தான் நிரப்பிய பீரைத் தானே ஒரு கவுன்டரில் நின்று வாங்கிக் குடிக்க முடியாத காலம் ஒன்று இருந்தது என்று அவர் சொல்லும்போது குரல் இன்றும் உயர்கிறது. அந்த ஆலை 2004-ல் மூடப்பட்டது. அதற்கு முன் ஊர் முழுக்க மால்ட், அதாவது முளைகட்டிய தானியம், வேகும் வாசனை அடிக்குமாம். இன்றும் சில நாட்களில் கார்கி பகுதியில் இருக்கும் விஸ்கி டிஸ்டிலரியிலிருந்து காற்றில் அப்படி ஒரு வாசனை வரும், கவனித்துப் பாருங்கள்.

வாடிக்கையாளர்கள் என்ற சொல் இவர்களுக்குப் பொருந்தாது. ரெகுலர்கள் என்றே சொல்கிறேன். ஒருவர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்; எடின்பரோ ஒரு காலத்தில் பெரிய அச்சுத் தொழில் நகரம். பொதுவில் கிடக்கும் செய்தித்தாளில் எழுத்துப்பிழை கண்டால் பென்சிலால் வட்டம் போட்டுத் திருத்திவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுப்பார். இன்னொருவர் தினமும் நாலரைக்கு நாயோடு வருவார்; நாய்க்கு அவருக்கு முன்பே தண்ணீர்க் கிண்ணம் வந்துவிடும். அவர் கேட்பது எப்போதும் ஒன்றுதான், ஒரு 'ஹாஃப் அண்ட் எ ஹாஃப்'. சின்ன அளவு விஸ்கியும் துணைக்கு அரை பைன்ட் பீரும். பழைய தொழிலாளர் பழக்கம் அது. பீரையே இங்கே அறுபது ஷில்லிங், எழுபது ஷில்லிங், எண்பது ஷில்லிங் என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள். பீப்பாய் விலையை வைத்து வந்த பெயர்கள், விலை போய்ப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த பஸ் டிரைவரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மனைவி போய் வெகுநாளாகிறது, பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிப் படிவத்தில் நெருங்கிய உறவினர் யார் என்ற இடத்தில் பப்பின் டெலிபோன் எண்ணைக் கொடுத்திருக்கிறார். நான் வேலை பார்க்கும் வார்டு அல்ல அது. அவரே பிறகு கவுன்டரில் உட்கார்ந்து எங்களிடம் சொன்னது. பதிவு செய்த நர்ஸ் திரும்பக் கேட்காமல் எழுதிக்கொண்டாராம். அன்று மாலையே இரண்டு பேர் பைஜாமாவும் ரேஸரும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் இருந்த ஐந்து வாரமும் ஒருநாள் விடாமல் யாராவது போனார்கள். முறை போட்டு, காலண்டரில் பெயர் எழுதி, அந்தக் காலண்டரை கேன்ட்ரியில் மாட்டி வைத்திருந்தார்கள். 2020 மார்ச் 20 அன்று கொரோனாவுக்காக எல்லாப் பப்புகளும் மூடப்பட்டபோதும் கவுன்டர் பெண்மணியிடம் எல்லார் எண்ணும் இருந்தது. தனியாக இருக்கும் முதியவர்களைத் தினமும் மத்தியானம் ஒரு சுற்றுக் கூப்பிடுவார்.

கிளாஸ்கோவில் இருப்பவர்கள் கிளைட் ஆற்றங்கரையில் இருக்கும் 'கிளதா' பப்பைப் பார்த்திருப்பீர்கள். 2013 நவம்பர் 29 இரவு, உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தபோது போலீஸ் ஹெலிகாப்டர் கூரைமேல் விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். அந்த இருட்டிலும் புழுதியிலும் தப்பியவர்களும் தெருவில் போனவர்களும் ஓடிவிடாமல், கை கோத்து வரிசையாக நின்று காயம்பட்டவர்களை வெளியே கடத்தினார்கள். நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் என்பதால் இதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சரி, குடி. மறைக்கப் போவதில்லை. 2023-ல் ஸ்காட்லாந்தில் 1,277 பேர் மதுவே நேரடிக் காரணமான நோய்களால் இறந்தார்கள். ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர் இருக்கும் நாட்டுக்கு இது மிகப் பெரிய எண். இப்படிப்பட்ட சாவுகளைக் குறைக்கத்தான் 2018 முதல் இங்கே மதுவுக்குக் குறைந்தபட்ச விலை என்று ஒரு சட்டம் இருக்கிறது. 2024 செப்டம்பர் 30 முதல் ஒரு யூனிட்டுக்கு, அதாவது 10 மில்லி சுத்த ஆல்கஹாலுக்கு, 65 பென்ஸ். அதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் இந்த நாட்டில் விற்கும் மதுவில் பெரும்பகுதி சூப்பர்மார்க்கெட்டிலும் கடையிலும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவது. வீட்டில் தனியாகக் குடிப்பவரின் கையிலிருந்து புட்டியை வாங்கி வைக்க ஆளில்லை. பப்பில் போதை ஏறியவருக்கு ஊற்றிக்கொடுப்பது சட்டப்படியே குற்றம். அதைவிட, "இன்னைக்கு இது போதும், வீட்டுக்குப் போ" என்று சொல்லக்கூடிய ஒருவர் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறார். அப்படிச் சொல்லி, கோட்டை எடுத்துக்கொடுத்து, டாக்ஸியும் கூப்பிட்டு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் தனிமையில் இருக்கிறீர்கள், கையில் காசு குறைவு, புட்டி கடையில் மலிவு. எனக்குப் பயம் அங்கேதான். குடிக்காதவர்கள் குடிக்காமலே இருங்கள். சோடாவில் எலுமிச்சைச் சாறு கேட்டால் எந்தப் பப்பிலும் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்காரலாம்.

போவதென்றால் சில வழக்கங்கள் தெரிந்திருப்பது நல்லது. மேசைக்கு வந்து யாரும் என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார்கள், கவுன்டருக்கு நீங்கள்தான் போக வேண்டும், காசும் அப்போதே. வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு முன் வந்தவர் நிற்கும்போது உங்களைக் கேட்டால், "இவர் முதலில்" என்று கை காட்டுங்கள். இந்த ஒன்றுக்காகவே உங்களை நினைவில் வைத்துக்கொள்வார்கள். நோட்டை ஆட்டியோ விரலைச் சொடுக்கியோ கூப்பிடக் கூடாது. வயதுக்கு அடையாளம் கேட்பார்கள். இருபத்தைந்துக்குக் கீழே தெரிந்தால் கேட்டாக வேண்டும் என்பது இங்கே சட்டம், அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு 'ரவுண்டு'. உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்டு நீங்கள் வாங்கிக்கொண்டால், அடுத்த சுற்று வாங்கும் கடமை உங்களுக்கும் வந்துவிடுகிறது. மொய் மாதிரிதான். நான் சோடா குடிப்பதால் எனக்கு நஷ்டம் என்று கணக்குப் பார்த்த ஒரு காலம் இருந்தது. இப்போது என் சுற்று வரும்போது எழுந்துபோய் எல்லாருக்கும் வாங்கிவருகிறேன், அவர்கள் முகத்தில் தெரியும் சந்தோஷம் எனக்குப் போதும். மாணவர்களிடம் காசு இருக்காது என்று அவர்களுக்கும் தெரியும். "நான் ஒன்றோடு கிளம்புகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. கிளம்பும்போது காலி டம்ளரைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போங்கள்.

எல்லாப் பப்பும் நல்ல பப் என்று சொல்லமாட்டேன். உள்ளே போனதும் மனதுக்கு ஒப்பவில்லையென்றால் திரும்பிவிடுங்கள். கால்பந்து ஆட்டம் இருக்கும் நாளில் முதல்முறையாகப் போக வேண்டாம். தங்கைகள் முதலில் இரண்டு பேராகப் போங்கள், பகலில் போங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் ஃபாரஸ்ட் ரோட்டில் 'சாண்டி பெல்ஸ்' போய் நாட்டுப்புற இசை கேளுங்கள். ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்த ஹாமிஷ் ஹென்டர்சன் வழக்கமாக உட்கார்ந்த இடம். அவருடைய மார்பளவுச் சிலை அங்கே இருக்கிறது. யாராவது பாடத் தொடங்கினால் பேச்சை நிறுத்திவிடுங்கள். பொறியியல் படிப்பவர்கள் 'கஃபே ராயல்' போய்ச் சுவரைப் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் வாட், ஃபாரடே, ஸ்டீவன்சன் போன்ற கண்டுபிடிப்பாளர்கள் வண்ண ஓடுகளில் இருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தை ஒரு பெரிய கடை எடுத்துக்கொள்ளவிருந்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்துக் காப்பாற்றினார்கள். டால்கிராஸில் 'பென்னட்ஸ்' பாரில், கதவுக்குப் பக்கத்தில், வீட்டுக்குக் குடத்தில் பீர் வாங்கிப் போகிறவர்களுக்கென்று இருந்த சின்ன அறை அப்படியே இருக்கிறது. கிளாஸ்கோக்காரர்களுக்கு 'ஹார்ஸ்ஷூ பார்', குதிரை லாட வடிவத்தில் 104 அடி நீளக் கவுன்டர். இவையெல்லாம் பெயர் பெற்றவை, சுற்றுலாக்காரர்களும் வருவார்கள். இவற்றைப் பார்த்துவிட்டு, உங்கள் தெருவில் இருக்கும் பெயர் தெரியாத ஒன்றுக்குப் போங்கள். ஒரே இடத்துக்கு, ஒரே கிழமையில், நாலைந்து முறை. அப்போதுதான் முகம் தெரியும்.

பஸ் டிரைவர் போன பிப்ரவரியில் காலமானார். புதன்கிழமை ஆறு மணிக்கு மேல் ஜன்னலோர மேசையில் நாங்கள் நாலு பேர் டொமினோ ஆடுவோம். அச்சுக்கோத்தவர், பீர் ஆலை அம்மா, நான், அவர். இப்போது மூன்று பேர். மூன்று பேரோடும் ஆடலாம், ஆனால் யாருக்கும் கை ஓடவில்லை. டால்கிராஸ் பக்கம் யாராவது குடியிருந்தால் வாருங்கள். ஆட்டம் தெரியாவிட்டால் பரவாயில்லை, எனக்கும் தெரியாது, அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எந்தப் பப் என்று இங்கே எழுதவில்லை. பச்சைக் கதவு, எதிரே பஸ் நிறுத்தம், ஜன்னலில் ஒரு தமிழ் முகம். கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அன்புடன்,
உங்கள் நர்ஸ் அக்கா
எடின்பரோ